பதினெட்டாம் தேதி வருகை

அக்டோபர் 3, வியாழன்

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். பதினாறு வருடம் இருந்து பார்த்தாயிற்று. இனி எழுதப் போகிறேன். முதலில் இந்த நோட்டில் தேதிவாரியாகக் குறித்துக்கொள்வேன். பிறகு அதையே ஒரு கடிதமாக்கி, எங்கே போய்ச் சேர வேண்டுமோ அங்கே அனுப்புவேன்.

நான் உளவியலில் முதுகலை, முதல் வகுப்பு. அதற்கு மேல் சிறப்புக் கல்வியில் பட்டம். என்னோடு படித்தவர்களில் இரண்டு பேர் இன்று கல்லூரியில் துறைத்தலைவர்கள். நான் அரசின் வீட்டுவழிப் பராமரிப்புத் திட்டத்தில் ஒப்பந்த ஆசிரியர். பள்ளிக்கு வர முடியாத அளவுக்கு உடல் முடங்கிய குழந்தைகளின் வீட்டுக்கு வாரம் ஒரு முறை போக வேண்டும். கை கால் அசைவு, உட்கார வைப்பது, உணவு ஊட்டுவது எல்லாவற்றையும் தாய்க்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். காகிதத்தில் அருமையான திட்டம். முப்பத்தொரு குழந்தைகள், பத்தொன்பது ஊர்கள், ஒரு நாளைக்கு மூன்று தடவை வரும் பேருந்து, நான் ஒருவன்.

போன வியாழக்கிழமை ரம்யா இறந்துவிட்டாள். பதிவேட்டில் இசக்கிரம்யா, ஒன்பது வயது, மூளை முடக்குவாதம், சாலைக்குடியிருப்பு. மதியம் அவள் அம்மா கஞ்சி ஊட்டும்போது புரையேறியிருக்கிறது. ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது.

இன்று காலை பத்து மணிக்கு அலைபேசியில் திட்டத்தின் செயலி வழக்கம்போல் மணியடித்தது. 'இன்றைய வருகை: இசக்கிரம்யா. புகைப்படம் பதிவேற்றவும்.' இறப்புக் கோப்பு முடியும்வரை பெயரை நீக்க முடியாது என்று தயாளன் சொன்னான். தயாளன் எங்கள் மையத்தின் ஒருங்கிணைப்பாளன். என்னைவிட ஏழு வயது இளையவன், என்னிடம் பயிற்சிக்கு வந்தவன், நான் எழுதிக்கொடுத்த அறிக்கையை மேடையில் வாசித்து அந்தப் பதவிக்குப் போனவன். அவனைப் பற்றித்தான் முக்கியமாக எழுத வேண்டும்.

என் தரப்பில் குறையில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒரு வாரம் விடாமல் வருகை பதிவாகியிருக்கிறது.

அக்டோபர் 4

தண்ணீர் மோட்டார் மறுபடியும் ஓடவில்லை. கண்டன்சர் மாற்ற ஆள் வந்தான், ஒரு மணி நேரம் என்னிடம் அரசியல் பேசிவிட்டுப் போனான். கோமதி பள்ளியிலிருந்து வந்ததும் நோட்டைப் பார்த்தாள். அவள் அரசுப் பள்ளி ஆசிரியை, நிரந்தரம், அதை என்னிடம் சொல்லிக்காட்டியதில்லை என்று அவளே அடிக்கடி சொல்லுவாள்.

"இந்தத் தடவ யாரு மேல?" என்றாள். "போன நோட்டு எந் தம்பி மேல. அதுக்கு முந்தி மாடி வீட்டுக்காரர் மேல."

நோட்டை மூடி வைத்தேன்.

அக்டோபர் 5, சனி

சாலைக்குடியிருப்புக்குப் போய்த் துக்கம் கேட்டு வந்தேன்.

பேருந்தை விட்டு இறங்கி உப்பளங்களுக்கு நடுவே ஒன்றரைக் கிலோமீட்டர் நடக்க வேண்டும். வெயில் கீழேயிருந்தும் அடிக்கும். ரம்யாவின் அப்பா பட்டுராஜ் உப்பு லாரி ஓட்டுகிறவன். என்னைக் கண்டதும் எழுந்து நின்றான். அவனுடைய அக்கா தங்கபுஷ்பம் வாசலுக்கு நேரே உட்கார்ந்திருந்தாள். ரம்யாவின் அம்மா சந்தனமாரி உள்சுவரில் சாய்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் சின்ன மகள் அபிஷா, மூன்று வயது, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதையோ கடித்துக்கொண்டிருந்தது.

தங்கபுஷ்பம் என்னிடம்தான் பேசினாள், ஆனால் சந்தனமாரிக்குக் கேட்க வேண்டும் என்று பேசினாள்.

"சாரக் குத்தஞ்சொன்னா நாக்கு அழுகிரும். வெயிலுன்னு பாத்தாகளா, மழைன்னு பாத்தாகளா. வாராவாரம் வந்திருக்காக. தயாளன் சார் நேத்து நோட்ட விரிச்சுல்லா காட்டினாக. என்னிக்கு என்னத்தச் சொல்லிக்குடுத்தாகன்னு தேதி போட்டு எழுதியிருக்கு. ஜூலை பதினெட்டு. புள்ளைய உக்கார வச்சு, தலைய நிமித்தி, கெட்டியாக் கரைச்சு, கொஞ்சங் கொஞ்சமா ஊட்டணும்னு. அதுக்கு எதுத்தாப்புல இவ கையெழுத்து. இவ என்னடான்னா மடியில மல்லாக்கப் போட்டுக் கஞ்சிய ஊத்தியிருக்கா."

"யெக்கா, விடு," என்றான் பட்டுராஜ்.

"விட்டுத்தான் புள்ள போயிட்டு."

சந்தனமாரி தலையைத் தூக்கவில்லை. "சார் சொல்லித்தான் குடுத்திருக்காக, மதினி. எனக்குத்தான் மண்டையில நிக்கல."

மூலையில் திட்டத்தில் கொடுத்த சிறப்பு நாற்காலி இருந்தது. தலை சாயாமல் தாங்கவும், இடுப்பில் பட்டை போடவும் வசதி உள்ளது. அதன் மேல் மடித்த போர்வைகள். பிளாஸ்டிக் உறை இன்னும் கழற்றப்படவில்லை.

பக்கத்து வீட்டிலிருந்து காப்பி வந்தது. குடித்தேன். துக்க வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்லக்கூடாது. எனக்கு அது வசதியாக இருந்தது.

அக்டோபர் 7

அந்த நாற்காலி மார்ச் மாதம் வந்தது. உறையைக் கழற்றிப் பொருத்திக் காட்ட வேண்டியவர் இயன்முறை மருத்துவர். அந்தப் பதவி எட்டு மாதமாகக் காலி. இதைக் குறித்து வைக்கிறேன்.

அக்டோபர் 9, புதன்

தயாளன் அழைத்தான். மேசை மேல் என் பதிவேடு.

"அண்ணாச்சி, இதுதான் நமக்குக் காவல் தெய்வம். ஒரு அடித்தல் இல்ல, திருத்தல் இல்ல. உங்க கையெழுத்தப் பாத்தாலே விசாரண பண்ண வர்றவங்களுக்கு மனசு குளுந்துரும்."

"யார் வருகிறார்கள்?"

"மாவட்டத்துல இருந்து ஒரு மேடம். நவம்பர் பன்னெண்டு. ஒரே கேள்விதான். தாய்க்குப் பயிற்சி குடுத்தமா இல்லையா. குடுத்தாங்கன்னு அந்தம்மா வாயாலயே சொல்லிருச்சுன்னா ஃபைல மூடிரலாம். அது சொல்லும். நேத்தே அழுதுக்கிட்டே சொல்லிருச்சு."

பிறகு கதவைப் பார்த்துக்கொண்டு குரலை இறக்கினான். "நிரந்தரம் பண்ற லிஸ்ட் ரெடியாவுது. உங்க பேரு நாலாவது. இந்த நேரத்துல உங்க பேருல ஒரு குறிப்பு விழக்கூடாது பாத்துக்கிடுங்க."

நாலாவது. எனக்கு முன்னே இருக்கும் மூன்று பேர் யார் யார் என்று கேட்டேன். ஒருத்தி என்னைவிட ஆறு வருடம் பின்னால் சேர்ந்தவள்.

"ரம்யா வீட்டுக்கு நீ எத்தனை தடவை போயிருக்கிறாய்?" என்று கேட்டேன்.

சிரித்தான். "நான் ஒருங்கிணைக்கிறவன் அண்ணாச்சி. போறவுக நீங்கல்லா."

அக்டோபர் 10, வியாழன்

பத்து மணிக்கு மணியடித்தது. 'இன்றைய வருகை: இசக்கிரம்யா.'

பதிவேடு எப்படி எழுதப்படுகிறது என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. அதையும் எழுதினால்தான் என் தரப்பு விளங்கும்.

முப்பத்தொரு குழந்தைகளை வாரம் ஒரு முறை பார்ப்பது எந்த மனிதனாலும் ஆகாது. ஆனால் செயலி வாரம் ஒரு படம் கேட்கிறது. அதனால் இந்த வேலையில் இருக்கிற எல்லோரும் ஒரு வழி வைத்திருக்கிறோம். மாதம் ஒரு தடவை போவது. குழந்தைக்கு நான்கு சட்டை மாற்றி நான்கு படம் எடுத்துக்கொள்வது. வாரத்துக்கு ஒன்றாகப் பதிவேற்றுவது. பதிவேட்டில் நான்கு வரியில் தாயிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, என்ன பயிற்சி என்ற கட்டத்தை வீட்டில் வந்து கையேட்டைப் பார்த்து நிரப்புவது. தயாளனும் ஆசிரியராக இருந்தபோது இதைத்தான் செய்தான். அந்த வழியை அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்பது இங்கே தேவையில்லை.

தாய்மார்கள் ஏன் என்று கேட்பதில்லை. போட்டோ எடுக்க சார் வந்திருக்கிறார் என்று நல்ல சட்டைகளை எடுத்து வைப்பார்கள். சந்தனமாரி ஒவ்வொரு சட்டைக்கும் தலை வாரிவிடுவாள், பவுடர் போடுவாள்.

போன ஜனவரியில் ஒன்று நடந்தது. நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ரம்யா இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினாள். கை விறைத்து மார்போடு ஒட்டியிருக்கும் குழந்தை. ஒன்பது வருடத்தில் அவளாகச் செய்த முதல் அசைவு. சந்தனமாரி அழுதாள். "சார் வந்தா மட்டும் தூக்குதா. எங்க யாருக்கும் தூக்க மாட்டேங்கா" என்றாள்.

நான் 'முன்னேற்றம்' என்ற கட்டத்தில் எழுதினேன். மாவட்டக் கூட்டத்தில் தயாளன் அதைப் படமாகப் போட்டுக் காட்டினான். கை தட்டினார்கள். அவனுக்குச் சால்வை போட்டார்கள்.

அவள் சட்டை மாற்றுவதற்காகத்தான் தூக்கினாள் என்பது எனக்கு அன்றே தெரியும்.

அக்டோபர் 11

வெளியே போகவில்லை. தலைவலி. மோட்டார் ஓடுகிறது.

அக்டோபர் 15, செவ்வாய்

கடற்கரைப் பக்கம் மூன்று வீடுகள். முதல் வீடு ஆன்ஸியுடையது. ஆறு வயது, கண்ணும் சரியாகத் தெரியாது. அவள் அம்மா முற்றத்தில் கருவாடு காயப் போட்டுக்கொண்டிருந்தாள். "உள்ள போங்க சார், கைய அலசிட்டு வாரேன்" என்றாள்.

உள்ளே போனேன். ஆன்ஸி பாயில் கிடந்தாள். என் பை தரையில் படும் சத்தம் கேட்டிருக்க வேண்டும். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினாள்.

நான் ஒன்றும் செய்யவில்லை. கைகளை இறக்காமல் அப்படியே காத்திருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அவளுடைய அம்மா துண்டில் கை துடைத்துக்கொண்டு வந்து, "பாத்தீகளா, உங்கள மணத்துலயே கண்டுபிடிச்சிருவா" என்று சொல்லி அலமாரியிலிருந்து சட்டைகளை எடுத்தாள். மஞ்சள், சிவப்பு, பூப்போட்டது ஒன்று.

இன்றைக்குப் படம் வேண்டாம் என்றேன்.

"ஏன் சார், ஏதும் தப்பாப் போச்சா? திட்டத்துல இருந்து பேர எடுத்துட்டாகளா?"

அலைபேசியில் சார்ஜ் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். மற்ற இரண்டு வீடுகளுக்கும் போகவில்லை.

அக்டோபர் 17, வியாழன்

மணியடித்தது. மழை. உப்பளங்களில் இந்த ஆண்டு வேலை முடிந்தது என்றார்கள்.

அக்டோபர் 18, வெள்ளி

மதியம் மையத்தின் வாசலில் சந்தனமாரி நின்றுகொண்டிருந்தாள். தயாளனைப் பார்க்க வந்தாயா என்றேன். இல்லை, உங்களைத்தான் என்றாள். டீக்கடைப் பக்கம் கூட்டிப் போனேன். டீ வேண்டாம் என்றாள், வாங்கிக் கொடுத்ததும் குடித்தாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டாள்.

"சார், அந்த ஜூலை பதினெட்டு. எனக்கு ஒண்ணுமே ஞாபகம் வரமாட்டேங்கு. நான் வேல பாக்க உப்பளத்துக் கணக்கப்பிள்ளைட்ட கேட்டேன். அன்னிக்கு நான் வேலைக்கு வரலன்னு நோட்டப் பாத்துச் சொன்னாக. அப்ப வீட்டுலதான் இருந்திருக்கேன். நீங்க வந்திருக்கீக. நான் கையெழுத்தும் போட்டிருக்கேன். என் கையெழுத்துத்தான், நல்லாப் பாத்துட்டேன். ஆனா நீங்க என்ன சொன்னீகன்னு மட்டும் வரல."

நான் டீக் கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ரம்யா அப்பா கேக்காக, படிச்ச மனுசன் வீடு தேடி வந்து சொன்னத எப்படிளா மறந்தேன்னு. நான் என்ன சொல்ல? ராத்திரி பூரா அந்த நாளத்தான் தேடுதேன். ஒரு நூலு கெடச்சாப் போதும், மத்தது வந்துரும். நான் அன்னிக்கு என்ன நிறத்துல சேல கட்டியிருந்தேன் சார்?"

எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட.

"பச்சை," என்றேன்.

எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவளுடைய பேருந்து வந்துகொண்டிருந்தது.

"பச்சையா," என்றாள். "பச்ச நூல்சேல. சரி சார்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏறிப் போனாள். ஜன்னல் வழியாக எனக்குக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அக்டோபர் 20

குழாய்க்கு வாஷர் மாற்றினேன். வேறு ஒன்றும் இல்லை.

அக்டோபர் 24, வியாழன்

செயலியின் மணி என்று நினைத்து எடுத்தேன். சந்தனமாரி.

"சார், வந்துட்டு. எல்லாம் வந்துட்டு. பச்சச் சேலதான். நீங்க நாற்காலிக்குப் பக்கத்துல உக்காந்திருந்தீக. கரண்டிய எங் கையில குடுத்து, தாடைக்குக் கீழ ரெண்டு விரல வைக்கச் சொன்னீக. பாதிக் கரண்டி மட்டும். முழுங்கிட்டாளான்னு தொண்டையப் பாத்துட்டு அடுத்த வாய். ரம்யா உங்களப் பாத்துச் சிரிச்சா. சரிதான சார்?"

எல்லாம் சரி. கையேட்டில் பதினான்காம் பக்கத்தில் இருப்பது அதுதான். அந்தப் பக்கத்தின் நகலைத் தயாளன் அவள் வீட்டில் கொடுத்திருக்கிறான், தங்கபுஷ்பம் அதைத் தினமும் சத்தமாக வாசித்திருக்கிறாள். இப்போது சந்தனமாரிக்கு மிகச் சரியாக ஊட்டத் தெரியும்.

"இவ்வளவும் தெரிஞ்சுக்கிட்டுல்லா சார் மல்லாக்கப் போட்டேன். எம்புள்ளைக்கு நான் எதுக்கு அப்படிச் செஞ்சேன்?"

மறுமுனையில் ஒரு குழந்தை எதற்கோ அடம்பிடிக்கும் சத்தம் கேட்டது. அபிஷாவாக இருக்கும். "நான் பிறகு பேசுகிறேன்" என்று வைத்துவிட்டேன்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. கோமதியின் தம்பி குடும்பத்தோடு வந்தான். புதுக் கார். நான் மாடியில் இருந்தேன்.

பத்து மணிக்கு வெடிச் சத்தத்துக்கு நடுவே செயலி மணியடித்தது. யாருக்கும் கேட்கவில்லை.

எல்லோரும் போன பிறகு கோமதி முறுக்குத் தட்டோடு மாடிக்கு வந்தாள். அன்று படம் எடுக்காமல் வந்த பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை என்று ஆன்ஸியின் அம்மா கோமதியின் பள்ளியில் வந்து விசாரித்திருக்கிறாள். ஊர் சிறியது.

"ஒண்ணு கேக்கேன், கோவப்படாம சொல்லுங்க. அந்தச் செத்துப்போன புள்ளையோட அம்மைக்கு நீங்க சொல்லிக் குடுத்தீங்களா?"

"பதிவேட்டில் இருக்கிறது."

"பதிவேட்டையா கேட்டேன்?"

முறுக்கு நன்றாக இருக்கிறது என்றேன். தட்டை அங்கேயே வைத்துவிட்டுக் கீழே போனாள்.

நவம்பர் 4, திங்கள்

பட்டுராஜ் வண்டியிலிருந்து பேசினான். எஞ்சின் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. அபிஷாவைத் தங்கபுஷ்பம் தன் வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டாள்.

"நான் என்ன சார் செய்ய? நான் வண்டிக்குப் போயிருதேன். இவ கிட்ட எப்படி விட? சொல்லிக்குடுத்தும் புள்ளையக் கொன்னவன்னு அக்கா சொல்லுதா. மாவட்டத்து அம்மா முன்னால இவ அதை ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்துட்டான்னா அபிஷா எங்க அக்காகிட்டயே வளரட்டும்னு பெரியவங்க பேசி முடிச்சிட்டாக. இவ ஒரு வார்த்த எதுத்துச் சொல்லல சார். தலைய ஆட்டிட்டா. நீங்க வந்து ஒரு புத்தி சொல்லுங்க. சோறே திங்க மாட்டேங்கா. உங்க பேச்சுன்னாக் கேப்பா."

சரி என்றேன்.

போகவில்லை.

நவம்பர் 6, புதன்

தயாளன் சந்தனமாரியின் வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்து வைத்திருந்தான். 'சிறப்பாசிரியர் 18.07 அன்று எனக்கு உணவூட்டும் முறையை நேரில் செய்து காட்டிக் கற்பித்தார். நான் அதைப் பின்பற்றத் தவறிவிட்டேன்.' செவ்வாய்க்கிழமை மாவட்டத்து அம்மா முன்னால் அவள் கையெழுத்துப் போட வேண்டும்.

"பாவம்தான், அண்ணாச்சி," என்றான். "ஆனா நம்ம திட்டத்துல ரெண்டாயிரம் புள்ளைங்க இருக்கு. ஒரு ஃபைலுல அசிங்கமாச்சுன்னா மேல இருக்கவன் திட்டத்தையே இழுத்து மூடிருவான். அதயும் பாக்கணும்லா."

அவன் சொன்னதில் உண்மை இருக்கிறது. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு மாதமாக அவனைப் பற்றி எழுத வேண்டியதை எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று அவனுக்குத் தெரியாது. இந்த நோட்டைத் திருப்பிப் பார்த்தால் அவனைப் பற்றி அதிகம் இல்லை என்பது எனக்கே இப்போதுதான் தெரிகிறது.

நவம்பர் 7, வியாழன்

மணியடித்தது.

கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். முதல் பிரதி நான்கு பக்கம், முழுக்கத் தயாளன். இரண்டாவது, காலிப் பணியிடங்களைப் பற்றி. மூன்றாவதில் பேருந்து நேரங்களை அட்டவணையாகப் போட்டேன். எல்லாம் உண்மை. மூன்றையும் கிழித்தேன்.

ஜூலை 18 அன்று நான் எங்கே இருந்தேன் என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆட்சியர் அலுவலகத்துக்கு எதிரே, பணி நிரந்தரம் கேட்டு ஒப்பந்த ஆசிரியர்கள் நடத்திய ஆர்ப்பாட்டத்தில். செய்தித்தாளில் படம் வந்தது. சான்றிதழ் வைத்திருக்கும் கோப்பில் வெட்டி வைத்திருக்கிறேன், தேதியோடு. ஜூலை மாதத்துக்கான நான்கு கையெழுத்துகளை ஜூன் கடைசியிலேயே சந்தனமாரியிடம் வாங்கிவிட்டேன். ஜூலையில் வரத் தோதுப்படாது என்று சொன்னபோது, "அதுக்கென்ன சார், நீங்க முடிஞ்சப்ப வாங்க" என்றாள். நான்கு வெற்று வரிகள். பேனாவை என் சட்டைப் பையிலிருந்துதான் எடுத்துக் கொடுத்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. இதை எழுத ஒரு மாதம் ஆகியிருக்கிறது.

அன்று, அந்த ஜூன் மாதத்து நாளில், நான்காவது சட்டைக்கு முன்னால் ரம்யாவுக்குப் பசி வந்துவிட்டது. சந்தனமாரி அவளை மடியில் மல்லாக்கக் கிடத்தி, தலை பின்னால் தொங்க, கஞ்சியைக் கரண்டி கரண்டியாக ஊற்றினாள். நடுவில் ஒரு தடவை ரம்யா இருமினாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அது எப்படி முடியும் என்று அந்த வீட்டில் தெரிந்த ஒரே ஆள் நான். நாற்காலி மூன்றடி தூரத்தில் இருந்தது. உறையைக் கழற்றி, உட்கார வைத்து, பட்டை போட்டு, ஒரு வாய் ஊட்டிக் காட்ட இருபது நிமிடம் போதும். பன்னிரண்டு நாற்பதுக்குப் பேருந்து. அதை விட்டால் மூன்றரைக்கு. அடுத்த தடவை சொல்லலாம் என்று நினைத்தேன்.

வாய் துடைத்து, நான்காவது சட்டையைப் போட்டாள். படம் எடுத்தேன். படத்தில் உதட்டோரம் கஞ்சி ஒட்டியிருக்கிறது. அந்தப் படத்தைத்தான் ஜூலை 18க்குப் பதிவேற்றியிருக்கிறேன்.

நவம்பர் 8, வெள்ளி

அந்த வீட்டுக்கே போய்ச் சொல்லிவிடலாம் என்று கிளம்பினேன். நிறுத்தத்தில் இறங்கி, உப்பளச் சாலையில் பாதி தூரம் போனேன். பாத்திகளில் மழைத் தண்ணீர் நின்றது. தூரத்தில் அவள் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். சின்னச் சின்னச் சட்டைகள். அபிஷாவுடையது அவ்வளவு இருக்காது.

திரும்பி வந்துவிட்டேன்.

நவம்பர் 9, சனி

கடிதம் முடிந்தது. ஒரு பக்கம்கூட இல்லை. மாவட்டத்து அம்மாவுக்கு எழுதத்தான் தொடங்கினேன். விலாசத்தில் சந்தனமாரியின் பெயரை எழுதியிருக்கிறேன். அவள் ஐந்தாவது வரை படித்தவள். அதனால் எழுத்துகளைச் சேர்க்காமல் பெரிதாக எழுதினேன்.

'சந்தனமாரிக்கு. ஜூலை 18 அன்று உன் வீட்டுக்கு ஆசிரியர் வரவில்லை. அன்று அவர் இருந்த இடம் இதோடு இருக்கும் படத்தில் தெரியும், மேலே தேதி இருக்கிறது. ஊட்டும் முறையை உனக்கு யாரும், எப்போதும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஜூனில் நீ கையெழுத்துப் போட்ட வெற்று வரிகளில் அது பிறகு எழுதப்பட்டது. உனக்கு ஞாபகம் வந்ததாக நீ சொன்னது எதுவும் நடக்கவில்லை. நீ எதையும் மறக்கவில்லை. செவ்வாய்க்கிழமை அவர்கள் தரும் காகிதத்தில் கையெழுத்துப் போடாதே. இதை விசாரிக்க வரும் அம்மாவிடம் காட்டு. உன் பிள்ளையைத் திரும்பக் கேள்.'

நான் என்ற சொல் ஓர் இடத்திலும் இல்லை. எழுதி முடித்த பிறகுதான் கவனித்தேன்.

கோமதியிடம் காட்டினேன். நின்றுகொண்டே வாசித்தாள். திருப்பிப் பார்த்தாள், பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று.

"பேரு எங்க?"

"தேவையில்லை. படம் இருக்கிறது."

"மொட்டக் கடுதாசிய எந்த ஆபீசர் மதிப்பா? எங்க ஹெச்.எம். மேசைக்கு வாரத்துக்கு ரெண்டு வருது. பேரு இல்லன்னா படிக்கவே மாட்டாக. நேரா குப்பக்கூடைதான்." காகிதத்தை என் முன்னால் வைத்தாள். "அந்தப் பொண்ணு இதக் கொண்டுபோயி நீட்டும். யாரு எழுதுனதுன்னு கேப்பாக. அது என்ன சொல்லும்?"

பேனாவை எடுத்து வைத்தாள். சமையலறைக்குப் போய்விட்டாள். குக்கர் மூன்று விசில் வரும்வரை அந்தக் காகிதத்தின் அடியில் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு புள்ளி விழுந்திருக்கிறது.

காரணங்கள் நிறைய யோசித்தேன். மற்ற முப்பது குழந்தைகளை யார் பார்ப்பார்கள் என்பது ஒன்று. தயாளன் தப்பித்துக்கொள்வான் என்பது ஒன்று. பதினாறு வருடம் என்பது ஒன்று. எல்லாவற்றையும் வரிசையாக எழுதியிருக்கலாம், பதிவேடு எழுதி எழுதி எனக்கு நல்ல பழக்கம். பயம்தான். வேறெதுவும் இல்லை.

படத்தையும் உள்ளே வைத்து உறையை ஒட்டிவிட்டேன். பெயர் இல்லாமல்தான் போடப் போகிறேன். இரண்டாவது வரிசையில் பதாகையின் இடது மூலையைப் பிடித்துக்கொண்டு வாய் திறந்து நிற்பது யார் என்று அவளுக்குத் தெரியும். யார் எழுதியது என்று அந்த அம்மா கேட்டால், அந்த முகத்தின் மேல் அவள் விரலை வைத்தால் போதும். வைப்பாளா என்பது எனக்குத் தெரியாது. என்னைக் காட்டிக்கொடுக்கிற வேலையையும் அவளுக்கே கொடுத்திருக்கிறேன்.

பேருந்து நிலையத்துப் பெட்டியில் காலை பத்தரைக்குத் தபால் எடுப்பார்கள், திங்கட்கிழமை அவள் கைக்குப் போய்விடும். இப்போது மணி பத்து. சட்டை போட்டுக்கொண்டு கிளம்புகிறேன்.